சந்தைக்குப் போற மூஞ்சியா இது?

வா கண்ணு, இப்படிக் கயித்துக்கட்டல்ல உக்காரு. செருப்பை உள்ள போடு, நாய் இழுத்துட்டுப் போயிரும். அம்மிணிக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடச் சொல்லு. ஒறம்பரை வந்த எடத்துலயும் போனையே நோண்டிக்கிட்டு இருக்கறயே, என்ன அதுல? காட்டு பாக்கலாம்.

அட்ரா சக்கை! நாப்பத்து மூணு வீடா? எக்செல்லுங்கறதுல கட்டம் போட்டு எழுதி வெச்சிருக்கற. வெலைக்கு ஒரு கட்டம், சதுர அடிக்கு ஒரு கட்டம், நீச்சல் குளம் உண்டா இல்லையான்னு ஒரு கட்டம். பச்சை, மஞ்சள், சேப்புன்னு கலரு வேற. ஒனக்குப் பொண்ணு பாக்கறப்பக்கூட ஒங்கப்பன் இத்தனை கட்டம் போடல. ஆறு மாசமா ஞாயித்துக்கெழமையெல்லாம் சுத்தி, பதினோரு வீட்டை நேர்ல பாத்து, பதினோரு எடத்துல ஓசிக் காப்பி குடிச்சிருக்கற. கூட்டிக் கழிச்சுப் பாத்தா அந்தக் காப்பி ஒண்ணுதான் லாபம்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. மழை பேஞ்சா தண்ணி எங்க நிக்கும்னு அதுல ஒரு கட்டம் இருக்குதா? இல்லை. நீச்சல் குளத்துக்குக் கட்டம் போட்டவன், வீடே நீச்சல் குளமாகுமான்னு ஒரு கட்டம் போடலையே சாமி.

ஒங்கப்புச்சி ஆருன்னு நெனச்ச? முப்பது வருசம் மாட்டுத் தரகு. சித்திரையில கண்ணபுரம், ஆடியில அந்தியூரு. டிராக்டர் வந்து காளைக்குச் சோலி போனப்பறம் பத்து வருசம் காடு தோட்டத் தரகு. ரெண்டுலயும் நான் சொன்ன பொய்யை மூட்டை கட்டுனா ஒரு லாரி பத்தாது. பூட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கோணும்னா பூசாரிகிட்டப் போகக் கூடாது, திருடன்கிட்டத்தான் போகோணும். சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கற.

கறவை மாடு விக்கறவன் சந்தைக்கு மொத நாள் சாயந்தரமே பாலைக் கறக்காம விட்டுருவான். விடியக்காலையில மடி பானையாட்டம் இருக்கும். வாங்க வந்தவன் மடியவே பாத்துக்கிட்டு நிப்பான், அக்கட்டால கன்னுக்குட்டி கத்தறது அவன் காதுல ஏறாது. தவிட்டுல ரெண்டு கை உப்பை எச்சாப் போட்டா, மாடு தாகத்துல தண்ணியக் குடிச்சு வயிறு புடைச்சு நிக்கும். கொம்பைச் சீவி எண்ணெய் போட்டா நாலு வயசு கொறையும். நொண்டிக் காளையச் சேத்துல நிக்க வெச்சே வெலை பேசுவோம், மேட்டுல ஓட்டிக் காட்ட மாட்டோம்.

ஒனக்கு மாதிரி வீடுன்னு ஒண்ணு காட்டுனாங்களே, அதுதான் கறக்காத மடி. அங்க போட்டிருந்த கட்டில்ல படுத்துப் பாத்தயா? ஆறடி ஆளு, ஒன்ற கால் வெளிய தொங்கியிருக்கும். கட்டிலைச் சின்னதாச் செஞ்சு போட்டா அறை பெருசாத் தெரியுமாக்கும். கதவைக் கழட்டி வெச்சிருப்பான். செவுரு முச்சூடும் கண்ணாடி. பட்டப்பகல்ல இருபது லைட்டு எரியும். அடுத்தவாட்டி போனா லைட்டையெல்லாம் அணைக்கச் சொல்லிப் போட்டு அஞ்சு நிமிசம் சும்மா நில்லு. அப்பறம் தெரியும் அது வீடா, கொகையான்னு. பழைய வீடு பாக்கறயா? ஒரே ஒரு செவுத்துக்கு மட்டும் புதுப் பெயிண்டு அடிச்சிருந்தா, அதுக்கு அந்தப் பக்கம் ஆரோட குளியலறைன்னு கேளு. அதுதான் சீவுன கொம்பு.

கார் அனுப்புனானாமா கூட்டிட்டுப் போறதுக்கு? ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு, ஏசி போட்டு, நல்ல ரோடாப் பாத்துச் சுத்தி ஓட்டிட்டுப் போயிருப்பான். நொண்டி மாட்டைச் சேத்துல நிறுத்துன கதைதான். திங்கக்கெழமை காலையில எட்டரைக்கு அதே வீட்டு வாசல்ல இருந்து ஒன்ற ஆபீசுக்கு டவுன் பஸ்ஸுல போயிப் பாரு. ஒரு நாள் போதும். நாப்பத்து மூணுல இருபது தானாக் கழண்டுக்கும்.

இன்னொண்ணு. நான் காளைக்கு வெலை பேசறப்ப என்ற மச்சினன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வருவான். என்னையத் தெரியாத மாதிரி, “ஏனுங், போன வாரம் கேட்ட வெலைக்கே நான் புடிச்சுக்கறனுங்”பான். வாங்க வந்த அசலூர்க்காரன் பதறிப் போயி முன்பணத்தை எடுத்து நீட்டுவான். மச்சினனுக்குச் சாயந்தரம் கோழிக் கொழம்பு. ஒனக்குப் போன வாரம் போன் பண்ணி, “சார், இந்த மாடியில ஒரே ஒரு வீடுதான் மிச்சம், நேத்து ஒருத்தர் டோக்கன் போட வந்துட்டாரு”ன்னானே, அந்த ஒருத்தர் ஆருங்கற? அவன் மச்சினன்.

சரி, சந்தைக்குப் போகறதுக்கு மின்னாடி மடியில எத்தனை இருக்குதுன்னு எண்ணுனயா? சம்பளத்தைச் சொல்லாத, மடியச் சொல்லு. சப்ரிஜிஸ்டர் ஆபீசு வாசல்ல பத்திரம் எழுதறானே என்ற அக்கா பையன், அவன் சொன்ன கணக்கு இது. 60 லட்சத்துக்கு ஒரு வீடுன்னு வெச்சுக்கோ. பேங்க்குல நூத்துக்கு எம்பது, 48 லட்சம் வரைக்கும் கொடுப்பாங்க. மிச்சம் 12 லட்சம் ஒன்ற கையில இருந்து. பத்திரச் செலவை அவங்க அந்தக் கணக்குல சேத்த மாட்டாங்க. பழைய வீடுன்னா முத்திரைத் தீர்வை நூத்துக்கு 7, பதிவுக்கட்டணம் 2. ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். புது அடுக்குமாடியில மொத ஆளா வாங்கறவனுக்கு 2023 டிசம்பர்ல இருந்து முத்திரையக் கொறைச்சிருக்காங்க, 50 லட்சம் வரைக்கும் 4, அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 5. ஆனா கட்டிக்கிட்டிருக்கற வீடுன்னா நூத்துக்கு 5 ஜிஎஸ்டின்னு இன்னொருத்தன் வந்து நிப்பான். பணி முடிவுச் சான்று வாங்குன வீட்டுக்கு அது கெடையாது.

48 லட்சத்துக்கு எட்டரை வட்டி, இருபது வருசம்னு போடு. மாசம் 41,600 ரூவாச் சொச்சம். 240 மாசம் கட்டி முடிச்சா ஒரு கோடி. வாங்குனது பாதிக்கும் கீழ. முழிக்காத கண்ணு, இதெல்லாம் ஒன்ற எக்செல்லுக்கே தெரியும், நீதான் கேக்கல. வீடு தேடறதுக்கு மின்னாடி ஆறு மாசம் ஒரு சோலி பண்ணு. இப்பக் கட்டற வாடகை போக, 41,600க்கு எத்தனை கொறையுதோ அத்தனையும் மாசம் ஒண்ணாந்தேதி தனியா எடுத்து வெச்சு மறந்துரு. மூணாவது மாசமே அம்மிணிகிட்டக் கை நீட்டுனீன்னா, 60 லட்சத்து வீடு ஒனக்கில்லை. நாப்பதுக்குத் தேடு. அதுல ஒண்ணும் மானக்கேடு இல்லை, பேங்க்குக்காரன் வாசல்ல வந்து நிக்கறதுதான் மானக்கேடு.

மெட்ராசுல ஒரு நாள் போரூரு, ஒரு நாள் ஆவடி, ஒரு நாள் பெரும்பாக்கம்னு நாய் சந்தைக்குப் போன கதையா அலையறயே, எதுக்கு? ரெண்டு ஏரியா, மிஞ்சிப் போனா மூணு. அதுக்குள்ளயே சுத்து. ஒரே தெருப்பக்கம் பத்து வீடு பாத்தவனுக்குப் பதினோராவது வீட்டு வெலைய ஆரும் சொல்ல வேண்டியதில்லை, அவனே சொல்லிருவான். பத்து ஊர்ல பத்து வீடு பாத்தவனுக்குப் பெட்ரோல் வெலைதான் தெரியும்.

இப்ப மழைக்கு வருவோம். நம்முது வானம் பாத்த பூமி. இங்க மழை பேஞ்சா பொங்கல் வெக்கறோம். மெட்ராசுல மழைன்னு ரேடியோவுல சொன்னாலே வேளச்சேரிக்காரங்க காரைக் கொண்டுபோயி மேம்பாலத்துல நிறுத்தறாங்க. கார் ஓட்டறவனுக்குத் தெரிஞ்ச சங்கதி வீடு வாங்கறவனுக்குத் தெரியாமப் போகலாமா?

ஒங்கம்மா கல்யாணமாகிப் போயி மொத மொதல்ல குடியிருந்தது மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துல. லேக்குன்னா ஏரியாச்சேன்னு நானும் காலையில துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுக் குளிக்கக் கெளம்பிட்டேன். ரெண்டு நாள் தேடுனேன். ஒரு மளிகைக் கடைக்காரர்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, “பெரியவரே, நீங்க நிக்கறதே ஏரியிலதான்”னு. அங்க பெரிய ஏரி ஒண்ணு நீளமாக் கெடந்துச்சாம். 1920கள்ல அதைத் தூத்துத்தான் தி. நகரே உண்டாக்குனாங்களாம். 1976ல தெறந்த வள்ளுவர் கோட்டம் நிக்கறதும் நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த எடம். அந்தச் சீமையில தாங்கல்னா சின்ன ஏரி. பழவந்தாங்கல்னு டிக்கெட் வாங்கறவன் எவனும் அதை நெனச்சுப் பாக்கறதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நெலத்தை 2022ல ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க, ஒலகத்துக்கே முக்கியமான ஈரநெலம்னு. அதோட ஓரத்துல நின்னுக்கிட்டு ஒருத்தன் ஒனக்கு “ஏரிக்காத்து வரும் சார்”ங்கறான். காத்து மட்டுமா வரும்?

மெட்ராசுல பாதிப்பேரு ஏரிமேலதான் குடியிருக்காங்க, அதுக்காக ஊரையே காலி பண்ண முடியாது. தண்ணிக்குப் பட்டா மாறுன சங்கதி தெரியாது, அவ்வளவுதான். அதனால விக்கறவனைக் கேக்காத. தெருமுக்குல துணி தேக்கற வண்டிக்காரரைக் கேளு. 2015 டிசம்பர்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப எத்தனை நாள் கரண்ட் இல்லைன்னு. அவர் இஸ்திரிப் பெட்டியக் கீழ வெச்சுப்போட்டுக் கையாலயே அளந்து காட்டுவாரு. அவருகிட்ட நாலு சட்டை தேக்கக் கொடுத்தா, எந்த வீட்டுக்காரன் ஏன் காலி பண்ணிட்டுப் போனான்ங்கறது வரைக்கும் வந்துரும். ஒன்ற கண்ணையும் கொஞ்சம் வெச்சுக்கோ. காம்பவுண்டுச் செவுத்துல ஒரே மட்டத்துக்குக் கறை ஓடுதா? கரண்டு மீட்டர்ப் பெட்டிய நெஞ்சு ஒசரத்துக்குத் தூக்கி மாட்டியிருக்கானா? அப்ப ஆரோ ஏற்கெனவே நனைஞ்சிருக்கான்.

மழையில முங்கற அதே ஊருதான் சித்திரை வெயில்ல கொடத்தைத் தூக்கிட்டு நிக்குது. 2019 கோடையில பாத்தமே. மே மாசம் தண்ணி லாரி ஒரு நாளைக்கு எத்தனை வருது, மாசம் பராமரிப்புல அதுக்கு எத்தனை போகுதுன்னு வாட்ச்மேனைக் கேளு. ஊரே தை பொறக்கட்டும், வீடு பாக்கலாம்ங்குது. நீ ஐப்பசி கார்த்திகையில நனைஞ்சுக்கிட்டே பாரு, தையில பணத்தைக் கொடு. இல்லாட்டி இன்னொரு வழி இருக்குது. ஆடி மாசம் ஒரு பய வீடு கேக்க வர மாட்டான், விக்கறவன் ஈ ஓட்டிக்கிட்டு இருப்பான். அப்பப் போயி வெலையப் பேசி வெச்சுட்டு ஆவணியில பத்திரம் போடு. ஆடியும் கெடல, பணமும் கெடல.

அப்பறம் என்னமோ மெட்ரோ வருதுன்னயே. வரும், நான் வராதுங்கல. ரெண்டாங்கட்டம் 118.9 கிலோமீட்டர் வேலை நடக்குதுன்னு பேப்பர்லயே போடறான். ஆனா கண்ணு, சினை மாடுன்னு சொல்லி நான் எத்தனை மாடு வித்திருப்பேன் தெரியுமா? “ரெண்டே மாசம், கன்னு போட்டுரும், பாலு ஆறா ஓடும்”பேன். ஈனாத கன்னுக்கும் சேத்தே வெலை வாங்கிருவேன். மெட்ரோவுக்கும் அப்படித்தான் இப்பவே வெலை வெச்சிருக்கான். வந்ததுக்கு வந்த வெலை கொடு, வரப்போறதுக்கு ஒரு கும்புடு போடு.

1,200 சதுர அடின்னா சொன்னான்? டேப்பு கொண்டு போனயா? இல்லை. மாட்டைப் பல்லு புடிச்சுப் பாக்காம வாங்கறவனை நாங்க சந்தையில என்னன்னு கூப்புடுவோம்னு அம்மிணி மின்னாடி சொல்ல முடியாது. செவுத்துக்கு உள்ள காலை நீட்டிப் படுக்கற எடம்தான் கார்ப்பெட் ஏரியா. அவன் சொல்றதுல மாடிப்படி, லிப்டு, வராண்டா, வாட்ச்மேன் உக்காரற எடம் எல்லாத்துலயும் ஒன்ற பங்கைச் சேத்துச் சொல்றான். ஒங்க சித்தி வாங்குன 1,200ஐ நானே டேப்பு வெச்சு அளந்தேன். 850தான் வந்துச்சு. மிச்சம் 350ல எந்தப் படியில உக்காந்து சித்தி பூக் கட்டறான்னு நீயே கேட்டுக்கோ. அதைவிட முக்கியம், யுடிஎஸ்ஸுங்கறாங்களே, பிரிபடாத மனைப்பங்கு. கட்டடம் பழசாகும், மண்ணு பழசாகாது. நாளைக்கு இடிச்சுக் கட்டறப்ப ஒனக்குன்னு நிக்கறது அந்த மண்ணுதான். பத்திரத்துல அது எத்தனை அடின்னு பாரு. மாடி ஏற ஏற அந்தப் பங்கு இளைச்சுக்கிட்டே வரும்.

புதுக் கட்டடம்னா ரெராங்கற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிஞ்ச நம்பரைக் கேளு. 500 சதுர மீட்டர் நெலத்துக்கு மேல, இல்லாட்டி எட்டு வீட்டுக்கு மேல கட்டறவன் அங்க பதியாம விக்கவே கூடாது. 2016ல வந்த சட்டம். ஒப்பந்தம் எழுதிப் பதியாம வெலையில நூத்துக்கு 10க்கு மேல ஒன்ற கிட்ட வாங்கவும் கூடாது. சாவி கொடுத்து அஞ்சு வருசத்துக்குள்ள கட்டுமானத்துல கோளாறு வந்தா அவனே சரி பண்ணித் தரோணும். கட்டறவன்னு ஒண்ணும் லேசா நெனச்சுராத. 2014 ஜூன் 28, மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டு இருந்த 11 மாடி ஒரு மழைச் சாயந்தரத்துல அப்படியே உக்காந்துருச்சு. 61 உசுரு. எல்லாம் வேலைக்கு வந்த சனம்... சரி, விடு. பத்திரத்துக்கு வா.

இங்கதான் ஒங்கப்புச்சி கெட்டிக்காரன். வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன், சுத்தமா இருக்குதுங்கறயா? 1975ல இருந்து கம்ப்யூட்டர்லயே வருது, நல்லதுதான். ஆனா வில்லங்கத்துல பதிஞ்ச சங்கதி மட்டும்தான் தெரியும். கோர்ட்டு வழக்கும், பதியாம எழுதிக்கிட்ட ஒப்பந்தமும், பங்காளி வவுத்தெரிச்சலும் அதுல வராது. மூலப் பத்திரத்தை அசலாக் கொண்டாரச் சொல்லு. ஜெராக்ஸை நீட்டி “அசல் லாக்கர்ல இருக்குது சார்”னு இழுத்தான்னா, லாக்கர்ல இருக்குதா, அடமானத்துல இருக்குதான்னு தெரியற வரைக்கும் ஒரு ரூவாயக் கண்ணுல காட்டாத.

நான் தோட்டத் தரகு பாத்தப்ப ஒரு கெரயம். அண்ணன் தம்பி மூணு பேரும் வந்து கையெழுத்துப் போட்டானுக. பிரியாணி எல்லாம் போட்டாச்சு. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு அம்மா வந்து வரப்புல நிக்குது. “எங்கப்பன் சொத்து, என்ற பங்கு எங்க?”ங்குது. கூடப்பொறந்தவ ஒருத்தி இருக்கறான்னு மூணு பேருல ஒருத்தனும் மூச்சு விடல. நானும் கேக்கல. கேட்டிருந்தா தரகு கைக்கு வந்திருக்காதே. 1989லயே தமிழ்நாட்டுல கல்யாணமாகாத பொண்ணுகளுக்குப் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்துருச்சு, 2005ல நாடு முச்சூடும் எல்லாப் பொண்ணுகளுக்கும் வந்துருச்சு. அதனால பூர்வீகச் சொத்துன்னு எவனாச்சும் சொன்னா, வாரிசுச் சான்றை வாங்கி மொதல்ல அக்கா தங்கச்சியத் தேடு. பவர்ல விக்கறேன்னு ஒருத்தன் வந்தான்னா, பவர் கொடுத்தவன் உசுரோட இருக்கறானான்னு போயிப் பாத்துட்டு வா. அவன் செத்தா பொதுவாப் பவரும் அதோட செத்துச்சு. மனையா வாங்கறதுன்னா 2016 அக்டோபர் 20ங்கற தேதிய மனசுல வெச்சுக்கோ. அங்கீகாரம் இல்லாத மனையில அதுக்கு மின்னாடி வித்ததை வரன்முறை பண்ண வழி விட்டாங்க, பின்னாடி புதுசாப் பிரிச்சதுக்கு அந்த வழி இல்லை. இதையெல்லாம் நம்ம பக்கத்து வக்கீலுக்குக் காசு கொடுத்துப் பாக்கச் சொல்லு. விக்கறவனே ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வந்து “ப்ரீ சார்”னான்னா, அவரும் மச்சினன்தான்.

வாஸ்துவா? ஒங்கம்மிச்சியக் கேளு. எனக்குத் தெரிஞ்ச வாஸ்து, கதவு தெறந்தா காத்து வரோணும், அவ்வளவுதான்.

வெலை பேசறதுல நீ சுத்தம். பழைய சந்தையில வெலைய வாயால பேச மாட்டோம் கண்ணு. கை மேல துண்டைப் போட்டு, அதுக்குள்ள வெரலைப் புடிச்சுப் பேசுவோம். இந்த வெரலு இத்தனை, அந்த வெரலு அத்தனை. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. மூஞ்சியப் பாத்தா ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். நீ என்ன பண்ணியிருக்கற? ஒம்பதாவது மாடி பால்கனிக்குப் போனதும் “வாவ்”னு கத்திப் போட்டு, செல்பி எடுத்து, அதை விக்கற பொண்ணுகிட்டயே கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கற. அம்மிணி இப்பத்தான் சொல்லுச்சு. அந்த “வாவ்” ரெண்டு லட்சம் கண்ணு. சந்தைக்குப் போற மூஞ்சியா இது? கல்யாண வீட்டுக்குப் போற மூஞ்சி.

அம்மிணி என்ன கேட்டுச்சாமா அங்க? குப்பைய எங்க கொட்டுவீங்கன்னு கேட்டுச்சா? பாத்தயா! பதினோரு வீடு பாத்ததுல உருப்படியாக் கேட்ட கேள்வி அது ஒண்ணுதான். இனிமே வெலை பேசப் போனா அதை மின்னால விட்டுட்டு, நீ வண்டிக்குக் காவல் இரு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு தாளை எடுத்து, ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் பாக்காம எழுதுங்க. வாங்குனப்பறம் மாத்தவே முடியாதது என்னென்ன, மாத்திக்கலாம்ங்கறது என்னென்ன. தண்ணி, தூரம், வெளிச்சம், மேல் வீட்டுக்காரன் எல்லாம் மாத்த முடியாது. டைல்ஸும் சமையல் மேடையும் மாத்திக்கலாம். நீ எழுதுனதுல பாதி டைல்ஸாத்தான் இருக்கும், வேணும்னா பந்தயம் கட்டறேன்.

போன் அடிக்குது பாரு. ஆரு, அந்தப் பெரும்பாக்கத்துக்காரனா? எடு, எடு. ஸ்பீக்கர்ல போட்டு இக்கட்டால கொடு. நீ வாயத் தெறக்காத.

“வணக்கமுங் தம்பி. நானுங், பையனோட அப்புச்சி பேசறனுங். வீடு நெம்ப நல்லா இருக்குதுன்னு சொன்னானுங்... ஆமாங்... அப்படிங்ளா, 2015லயும் சொட்டுத் தண்ணி நிக்கலைங்ளா? நெம்ப சந்தோசமுங். ஒண்ணுமில்லீங், எனக்குக் கெணத்து மோட்டார்ல கொஞ்சம் பைத்தியமுங். கீழ கார் நிறுத்தற எடத்துல தண்ணி எறைக்க என்ன மோட்டார் போட்டிருக்கறீங்? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்... பத்து எச்பிங்ளா! ஒண்ணுங்ளா, ரெண்டுங்ளா? ரெண்டு, அதுக்கு மேல ஜெனரேட்டருங்ளா? அடேங்கப்பா. சரிங் தம்பி, பையன் கலந்துக்கிட்டுச் சொல்லுவானுங்.”

என்ன அப்படிப் பாக்கற? என்ற நாலு ஏக்கரா தோட்டத்துக்கே அஞ்சு எச்பி ஒண்ணுதான் ஓடுது.